நீல விளக்குக்கு நான் சொன்ன அர்த்தம்

நம் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் வரவேற்று நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மேடையில் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. திரும்பத் திரும்ப வந்தது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் இங்கிலீஷ் வார்த்தை. காதில் விழுந்தாலே முகம் சுளிக்கிற வார்த்தை. சரி, அதையே சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடம் இந்தத் திருவண்ணாமலையில் இரண்டு பேருக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் பேசியதை இன்னொருவருக்கு மாற்றிச் சொல்லிப் பிழைத்தவள் நான். பெரும்பாலும் வாடகை, சாவி, தண்ணீர் வரவில்லை, வயிற்றுப்போக்கு. அவ்வளவுதான். அதற்கெல்லாம் இனி நாங்கள் தேவையில்லை, உங்கள் கையிலிருக்கும் போனே சொல்லிவிடும். போன் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் சொன்னது, கேட்பவரைக் கொன்றுவிடும் போலிருக்கும்போது என்ன செய்வது? கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நானும் என் காலத்தில் பலருக்குக் கண்டிப்போடு சொல்லியிருக்கிறேன். அதை மீறியவளும் நான்தான்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அட்டைப் பைத்தியம். புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால், அன்றைக்கே ஒரு அட்டையில் அதன் பொருள், அது பிறந்த கதை, கடைசியாக அதை யார் எந்த வாக்கியத்தில் சொன்னார்கள் என்பதையும் எழுதி வைப்பேன். சொன்னவரின் வாக்கியம் அப்படியே இல்லாமல் அட்டை பெட்டிக்குள் போகாது. இந்தப் பழக்கத்தைப் பற்றி அலுவலகத்தில் செய்யாத கிண்டல் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமைதான் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசிப் பௌர்ணமி. மதியம் ஏழுமலை போன் செய்தார். ஆசிரமத்துக்குப் பின்னால், மலையடிவாரத்தை ஒட்டிய தெருவில் அவர் வீடு. மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அந்த வீட்டு வாடகைப் பத்திரமெல்லாம் நான் மொழிபெயர்த்துக் கொடுத்ததுதான்.

"பத்மாக்கா, மாடி வூட்டு வெள்ளக்காரம்மா மூணு நாளா ஒரு மாதிரியா இருக்குது. சாயங்காலம் ஆனா கொல்லையில போய் நின்னுக்குது. எங்க மருமவ அந்தப் பக்கம் வந்தா கையைப் பிடிச்சு இழுத்து உள்ள வுடுது. அழுவுது. ஒண்ணும் புரியல. இன்னா சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லுங்க. சரிப்படலன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடலாம்" என்றார்.

அவர் மருமகள் சங்கீதாவுக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து உண்டான முதல் கரு. கணவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவான். அந்தப் பெண் தலைவலி என்றால்கூட மாமனாரும் மாமியாரும் பதறுவார்கள். அதனால் ஏழுமலையின் பயம் எனக்குப் புரிந்தது.

நாலு மணிக்குப் போனேன். பௌர்ணமி என்பதால் செங்கம் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். கூடத்தில் ஏழுமலை, அவர் மனைவி கஸ்தூரி, சங்கீதா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் க்வென். வேல்ஸ் நாட்டுக்காரர், அறுபத்தைந்து வயதிருக்கும், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடமாக மழைக்காலத்துக்கு இங்கே வந்து தங்குவார். பேச்சு குறைவு. கதை கட்டுகிற முகமில்லை அது.

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சங்கீதாவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கார்ப்ஸ் கேண்டில் பார்த்தேன். மூன்று மாலைகள்" என்றார்.

பிண மெழுகுவர்த்தி. சொல்லுக்குச் சொல் அதுதான் தமிழ். இந்தச் சொல்லை அதற்கு முன் ஒரே ஒருமுறை, ஒரு பழைய அகராதியில் பார்த்திருந்தேன். அதில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று போட்டிருந்தது. அது சரியில்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம். இதோ, அந்தச் சொல்லோடு வளர்ந்த ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குள் வந்தது பயம் இல்லை, உங்களிடம் மறைப்பானேன், சந்தோஷம். பையிலிருந்து அட்டையை எடுத்துவிட்டேன்.

கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். பழைய நாளில் செத்தவர் உடம்பைச் சுற்றி விழித்திருந்து காவல் காக்கும்போது, பக்கத்தில் ஏற்றி வைக்கும் கனமான மெழுகுவர்த்திக்கு இந்தப் பெயர் இருந்தது. நாம் தலைமாட்டில் விளக்கு வைக்கிறோமே, அதேதான். ஆனால் அவர் ஊரில் யாரும் அந்தப் பொருளில் சொல்வதில்லை. அவர்களுக்கு அது தானாக வரும் விளக்கு. ஒரு வீட்டில் சாவு நேரப்போகிறது என்றால் அதற்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து ஒரு சிறு சுடர் கிளம்பும். தூக்கிப் போவார் யாருமில்லாமல் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் மிதந்து போகும். பின்னால் சவம் எந்த வழியாகப் போகுமோ அதே வழியாகப் போய், புதைக்கப்போகும் இடத்தில் அணையும். சிவந்திருந்தால் ஆண். வெளுத்திருந்தால் பெண். சின்னதாக, நீலம் பாரித்திருந்தால் குழந்தை. மூன்று மாலையும் அவர் பார்த்தது நீலம்தானாம்.

அவர்கள் நாட்டு மகான் ஒருவர், தம் மக்களுக்குச் சாவு சொல்லிக்கொண்டு வரவேண்டும், அப்போதுதான் தயாராக இருக்க முடியும் என்று வேண்டிக்கொண்டாராம். அப்படி வரமாகக் கிடைத்த விளக்கு என்பார்களாம். சுரங்கத்தில் வேலை பார்த்த அவர் அப்பா இதைக் கண்ணால் கண்டவர். வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நிற்க வேண்டும், குறுக்கே நிற்கக்கூடாது, தொடவே கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார். படித்தவர்கள் அதைச் சதுப்பு நிலத்து வாயு தீப்பற்றுவது என்கிறார்கள். அதனால்தான் நம் அகராதிக்காரர் கொள்ளிவாய்ப் பிசாசிடம் போயிருக்கிறார். க்வென் அதைத் தம் தாய்மொழியிலும் ஒருமுறை சொன்னார். நாக்கின் ஓரத்தில் காற்று சீறுகிற ஒலி, என் காதுக்குப் பிடிபடவில்லை.

கார்ப்ஸ் என்றால் இன்றைக்குப் பிணம். லத்தீனில் அது வெறும் உடம்பு. ஒரு காலத்தில் இங்கிலீஷிலும் உயிரோடு நடமாடும் உடம்பை அப்படிச் சொன்னார்கள். நம் சடலம்கூடப் பழைய பாட்டுகளில் உயிருள்ள உடம்புதான். கேண்டில், ஒளிர்வது என்ற வேரிலிருந்து வந்தது. ஆக அந்தக் கூட்டுச்சொல்லின் அடியில் கிடப்பது, ஒளிரும் உடம்பு. இதையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். க்வென் பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டித் தொடர்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தலையாட்டிக்கொண்டே அட்டையில் வேரை எழுதினேன்.

நிமிர்ந்தபோது மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கீதா வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"இன்னா பெரிம்மா சொல்றாங்க? எம்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை நான் சொல்லியாக வேண்டும். சின்ன நீல விளக்கு, குழந்தைக்கு உரியது, உன் வீட்டிலிருந்து புறப்பட்டது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அது வேறு அவசரம். நாங்கள் நயினார்கள், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை வைக்க மாட்டோம். ஐப்பசியில் சீக்கிரமே இருட்டும். கூட்டத்தில் நடந்து வீடு போய்ச் சேர முக்கால் மணி ஆகும். பக்குவமாக எடுத்துச் சொல்ல உட்கார்ந்தால் அன்றைக்குப் பட்டினிதான். இந்த அற்ப விஷயத்தையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் பெரிய தப்புகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சின்னக் காரணம்தான் உட்கார்ந்திருக்கும்.

"கோவமெல்லாம் இல்லம்மா. கொல்லையில சின்னதா ஒரு விளக்கு தெரிஞ்சுதாம். அவங்க ஊர்ல அப்படி விளக்கு கண்ணுல பட்டா வீட்டுக்கு நல்லதாம். கொழந்தைக்கு ரொம்ப நல்லதாம். அந்தச் சந்தோஷத்துலதான் அழுதாங்களாம்" என்றேன்.

வாய் கூசாமல் வந்துவிட்டது. இந்த ஊரில் விளக்கு நல்லதென்று சொன்னால் சாட்சி கேட்பார்களா? மலை உச்சியில் தீபம் ஏற்றி, அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர். கஸ்தூரி எழுந்து மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "நான்தான் சொன்னேனே, அண்ணாமலையார் கைவுட மாட்டார்னு" என்றார் ஏழுமலை. சங்கீதாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே நான் சொன்னது சரிதானோ என்று பட்டது. அவள் க்வென்னிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

க்வென் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். வாசல் வரை வந்தார்.

"அவர்களிடம் சொல்லிவிட்டாயா? முழுவதும்?" என்றார்.

"முழுவதும் சொல்லிவிட்டேன்" என்றேன்.

அவர் என் தோளைத் தொட்டார். "நன்றி. மூன்று நாளாக நான் ஒருத்தியே நின்றேன். குறுக்கே நிற்கக்கூடாது என்று தெரியும், இருந்தும் நின்றேன். இனி அவர்களே பார்த்துக்கொள்வார்கள், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மெல்லப் படியேறி மாடிக்குப் போனார். பல நாள் தூக்கம் பாக்கியிருக்கிற ஆள் போல இருந்தது நடை.

கூட்டத்தோடு கூட்டமாக மேற்கே நடந்தேன். என் வீடு கிரிவலப்பாதை திரும்புகிற இடத்துக்குச் சற்று அப்பால். எல்லோரும் போகிற திசைதான், சுலபமாக இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தேன். காற்று கிளம்பித் தூறல் விழ ஆரம்பித்தது. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பொருள் ஒன்று, இரண்டு என்று எழுதினேன். அழகான அட்டை. கடைசியில் சொன்னவரின் வாக்கியம் எழுத வேண்டும்.

நம் தொழிலில் ஒரு வினோதம் உண்டு, உங்களுக்கும் சீக்கிரம் தெரியவரும். கவனிக்காமல் கேட்டதுகூடச் சில மணி நேரம் மண்டைக்குள் அப்படியே இருக்கும். சொன்னவர் குரலோடு இருக்கும். பேனாவை வைத்ததும் க்வென்னின் குரல் எனக்குள் பேசியது. நான் எழுதிக்கொண்டே போனேன்.

'அவள் துணி காயப்போடும் கம்பியின் கோடியில்தான் முதலில் தெரிகிறது. கம்பியோடு நகர்ந்து அவள் அறை ஜன்னலுக்கு வந்து நிற்கிறது. பிறகு பின் கதவு வழியாக வெளியே போய், ஓடைக்கரையோரமாகப் பெரிய பாறை வரை போய் அணைகிறது. அவளை அந்தக் கம்பியிடம் போகவிடாதீர்கள்.'

எழுதி முடித்துவிட்டுத்தான் படித்தேன். கம்பி. அந்த வீட்டுக் கொல்லை எனக்குத் தெரியும். சுவரிலிருந்து சங்கீதாவின் அறை ஜன்னல் வரை கட்டிய இரும்புக் கம்பி. அதற்கு ஒரு முழம் மேலே, மாடி அறைக்கு இவர்களே ஆள் வைத்து இழுத்த கரண்டு ஒயர். நீலச் சுடர், கம்பியோடு நகர்கிறது. விளக்காவது மண்ணாவது, அது கரண்டுப் பொறி. இதைச் சொல்ல அகராதி எதற்கு? என்ன பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால், கேட்டதைச் சொல்லியிருந்தால், ஏழுமலை அந்த நிமிடமே மெயினை அணைத்திருப்பார். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். பௌர்ணமியன்று இந்த ஊரில் போன் வேலை செய்யாது என்று உங்களுக்குத் தெரியும். லட்சம் பேர் கையில் லட்சம் போன். பத்து முறை முயன்றேன், மணியே அடிக்கவில்லை. ஆட்டோவுக்கு வழியில்லை, பாதையில் வண்டி விடமாட்டார்கள். நடந்தேன்.

திரும்பிப் போவது என்றால் கிரிவலத்துக்கு எதிர்த் திசையில் போவது. அதை நான் வாழ்நாளில் செய்ததில்லை. யாரும் செய்து பார்த்ததில்லை. சாலையின் அகலம் முழுக்க ஆட்கள், வெறுங்காலோடு, தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். பேச்சில்லை. ஈரத்தார் மேல் கால்கள் படுகிற ஓசை மட்டும். ஒவ்வொரு முகமும் என் முகத்துக்கு நேராக வந்து, ஒரு கணம் என்னைப் பார்த்து, பக்கத்தில் விலகிப் போனது. "இந்தப் பக்கம் போவக் கூடாதும்மா" என்று ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார். இன்னொரு பெண் என்னைப் பார்த்ததும் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடது பக்கம் மழைக்குள் மலை கறுப்பாக நின்றது. அதன் அடியில் எங்கோ ஒரு வெளிச்சம் என் நடைக்கு ஈடாக நகர்ந்து வருவது போலத் தோன்றியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாரோ டார்ச் அடித்துக்கொண்டு போவதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வீடு இருட்டாகக் கிடந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர். கஸ்தூரி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"துணி எடுக்கப் போயிருக்குக்கா. மழைன்னு ஓடியிருக்கும். கம்பியில கை வெச்சிருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அலறல் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்தது க்வென்தான். கொல்லையில் கிடந்த மூங்கில் கழியால் அவள் கையைக் கம்பியிலிருந்து தட்டிவிட்டு, மழையில் மண்டி போட்டு உட்கார்ந்து நெஞ்சை அழுத்தி மூச்சு வரவழைத்திருக்கிறார். முன் பக்கம் கூட்டத்தில் வண்டி நுழையாது என்று, போர்வையில் கிடத்திப் பின்கதவு வழியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

சங்கீதா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் பிறந்தது, ஆண் குழந்தை, சத்தமில்லாமல்.

மதியம் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்வாசல் வழியாக எடுத்துப்போக முடியவில்லை. பௌர்ணமி திதி இன்னும் முடியாததால் சாலையில் கூட்டம் குறையவில்லை. ஏழுமலை தன் பேரனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போனார். இரவோடு இரவாக ஓசூரிலிருந்து வந்த மகனும் இன்னும் மூன்று பேரும் மண்வெட்டியோடு பின்னால் போனார்கள். பெண்கள் நாங்கள் கதவோடு நின்றுவிட்டோம். அவர்கள் ஓடைக்கரையோரமாகப் போனார்கள். எங்கே போகிறோம் என்று அவர்கள் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை, எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தேன். ஓரிடத்தில் நின்றார்கள். மகன் காலால் மண்ணை அழுத்திப் பார்த்தான். பாறையாக இருந்தது போலும், தலையசைத்துவிட்டு மேலே நடந்தார்கள். அடுத்து எங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய பாறைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அங்கே மழையில் மண் இளகியிருந்தது. மாடியில் க்வென் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அந்தத் தெரு எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைப் பார்த்தார். மூன்று நாளாகவே பொறி தட்டியிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்று நான் கேட்டேன். ஆமாம் என்ற பதில் எனக்கு வேண்டியிருந்தது.

"மூணு நாளா? சான்ஸே இல்லக்கா. நேத்து காத்துல தென்னமட்டை வுழுந்து கிழிச்சிருக்கு, இதோ மட்டை கீழயே கெடக்குது பாருங்க. செப்பு புதுசா பளபளன்னு இருக்குது. அதுக்கு முந்தி இந்த ஒயர்ல ஒரு கீறல்கூடக் கெடையாது" என்றார்.

அப்படியானால் க்வென் மூன்று மாலைகள் பார்த்தது என்ன? நான் அவரிடம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அவர் பெட்டி கட்டினார். டாக்ஸி வரும்வரை வாசலில் நின்றபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ சொன்ன பிறகும் ஏன் அவளை அங்கே போகவிட்டார்கள்? அவர்களுக்கு அவள்மேல் அன்பு இருந்ததே."

நான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் வைத்தேன். சொன்னதைக் கேட்காத குடும்பம் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார். அந்தக் குடும்பத்தின்மேல் நான் போட்ட பழி அது. இன்னும் அவர் மனத்தில் இருக்கும். அவர் அதன்பின் இந்த ஊருக்கு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதுகூட.

உங்களில் யாராவது கேட்கலாம், உள்ளதைச் சொல்லியிருந்தால் மட்டும் குழந்தை பிழைத்திருக்குமா, பயத்திலேயே ஏதாவது ஆகியிருந்தால்? தெரியாது. தெரிய வேண்டியதும் நமக்கில்லை. ஒருவர் தன் கண்ணால் கண்டதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நம்மை நடுவில் உட்காரவைத்தார்கள். அதைத் தாங்குவாரா மாட்டாரா என்று தீர்மானிக்க நாம் யார்? இன்னொன்று, சொல் அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முதலில் என்ன பார்த்தார், எங்கே, எப்போது என்று கேளுங்கள். சொல்லின் கதை ஓடிப்போய்விடாது. வீட்டுக்குப் போய்த் தேடிக்கொள்ளலாம்.

பங்குனியில் ஒரு மதியம் சங்கீதா என் வீட்டுக்கு வந்தாள். தனியாக வந்திருந்தாள். வலது உள்ளங்கையில் தழும்பு, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மோர் கொடுத்தேன். டம்ளரை இடது கையால் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு அந்தம்மா நெஜமா இன்னா சொன்னாங்க பெரிம்மா?" என்று கேட்டாள். எப்படிச் சந்தேகம் வந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த முறை சொன்னேன். அந்தச் சொல், அதன் இரண்டு பொருள், சிவப்பு, வெள்ளை, நீலம், ஓடைக்கரை, பாறை, எதையும் விடவில்லை. தொடக்கூடாது என்பதையும் சொன்னேன். நான் மாற்றிச் சொன்னேன் என்பதைச் சொன்னேன். என்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

அவள் மடங்காத விரல்களை இடது கையால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"துணி எடுக்கப் போனேன்னு எல்லாரும் சொல்றாங்க. அன்னிக்குக் கம்பியில துணியே இல்ல பெரிம்மா, அந்தம்மா முன்னாடியே எடுத்து மடிச்சு வெச்சிட்டாங்க. கொழந்தைக்கு ரொம்ப நல்லதுன்னு நீங்க சொன்னீங்களா, நானும் ஒரு தடவை பார்த்துடலாம்னு போய் ஜன்னலாண்ட நின்னேன். மழை வந்துச்சு. அப்பவும் போவல. அப்புறம் அது வந்துச்சு. சின்னதா, நீலமா, கம்பியோட கோடியில. மெதுவா எங்கிட்ட வந்து நின்னுச்சு. நல்லதுதானேன்னு கையை நீட்டினேன்."